பலகையின் மறுமுனை

தம்பி,

இங்கே யாவரும் நலம், அங்கே உன் நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் நோட்டிலிருந்து தாளைக் கிழித்தேன். கை வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இங்கே நாங்கள் எவ்வளவு நாள் நலமாக இருப்போம் என்பதை நீதான் எழுதித் தீர்மானித்திருக்கிறாய். அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கடிதம். கோபத்தில் எழுதுகிறேன். அடங்கட்டும் என்று நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன், அது அடங்குகிற வழியாக இல்லை.

ஒரே வாரத்தில் உன்னிடமிருந்து இரண்டு கடிதங்கள் தோட்டத்துக்கு வந்தன. முதலாவது எனக்கு. கார்த்திகையில் கல்யாணம், பெண் குண்டசாலைப் பக்கம், நல்ல குடும்பம், நன்றாகப் படித்த பெண் என்று எழுதியிருந்தாய். புரட்டாசி முடிவதற்குள் நான் கண்டிக்கு வந்துவிட வேண்டும், தீபாவளி உன்னோடுதான், மார்கழி பிறந்த பிறகு திரும்பினால் போதும் என்றும் எழுதியிருந்தாய். நான் பூரித்துப் போனேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு லயத்து வரிசை வீடுகளில் ஒரு வாசல் விடாமல் அந்தக் கடிதத்தைக் காட்டிவிட்டு வந்தேன். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னாலேயே அம்மாவைக் கூப்பிடுகிறானே, எப்பேர்ப்பட்ட பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். கடைசியில் ஒரு வரி இருந்தது. "மழைக்காலத்தில் நீங்கள் கீழ் லயத்தில் இருக்க வேண்டாம் அம்மா." அதையும்தான் சத்தமாக வாசித்துக் காட்டினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து முனியாண்டி வந்தான். உன் அப்பாவுக்குப் பிறகு குளத்து மதகு வேலை பார்க்கிறவர்களில் இவன் மூன்றாவது ஆள். கையில் தோட்டத்து ஆபீசிலிருந்து கொடுத்த இங்கிலீஷ் காகிதம். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரவும் தயங்கினான்.

"அக்கா, இந்த வருசம் பலகையக் கழட்டக் கூடாதாம். மார்கழி பொறக்குற வரைக்கும் அஞ்சும் அப்பிடியே இருக்கணுமாம். மேல இரும்புச் சட்டம் போட்டு நட்டு முடுக்க கண்டியில இருந்து ஆளு வருதாம்."

"எவன்டா போட்ட உத்தரவு?"

"கண்டி இஞ்சினியர் தொரை ஆபீசு."

பிறகு தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "கீழ ஒங்க மகன் கையெழுத்து இருக்குன்னு கிளாக்கரு சொன்னாருக்கா."

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் இலக்கம் தெரியும், உன் கையெழுத்தும் தெரியும். எனக்கு வந்ததையும் ஆபீசுக்கு வந்ததையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே தேதி. ஒரே கதிரையில் உட்கார்ந்து, ஒரே மையைத் தொட்டு, குளத்தைத் தளும்பத் தளும்ப வைக்கச் சொல்லி ஒன்று. அம்மாவை மட்டும் அங்கிருந்து எழுந்து வரச் சொல்லி மற்றொன்று. தெரியாமல் எழுதியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பேன். நீ தெரிந்தே எழுதியிருக்கிறாய். கீழ் லயத்தில் இருபது குடும்பம் இருக்கிறதடா. நீ தவழ்ந்த வாசல்களில்தான் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியை மட்டும் பொறுக்கி எடுத்துக் காப்பாற்றிவிட்டு மற்றவர்களை என்ன செய்யலாம் என்று இருந்தாய்?

உன் ஆபீசில் இந்தக் குளம் ஏதோ ஒரு படத்தில் நீலமாகத் தீட்டியிருக்கும். அதனால் மறந்து போயிருந்தால் சொல்கிறேன், கேள். மேல்மலையிலிருந்து வரும் ஓடையை மறித்துப் போட்ட மண் அணை அது, அதற்கு நேர் கீழேதான் நம் லயம். தண்ணீர் வெளியே போக இரண்டு வழிதான். ஒன்று மதகு, அது குழாய் வழியாகப் போய் ஸ்டோரில் தேயிலை அரைக்கிற சக்கரத்தைச் சுற்றுகிறது. மற்றது கலிங்கு, மிஞ்சிய தண்ணீர் வழிந்து ஓடையில் விழுகிற இடம். கலிங்கின் இரண்டு பக்கமும் கல்லில் காடி வெட்டி, அதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து பலகைகளைச் செருகலாம். செருகச் செருகக் குளம் உயரும். தை பிறந்து மழை ஓய்ந்ததும் ஒவ்வொன்றாகப் போடுவார் உன் அப்பா. மாசியிலும் பங்குனியிலும் வானம் காய்ந்து கிடக்கும்போது அந்த ஐந்து பலகைத் தண்ணீரை வைத்துத்தான் சக்கரம் ஓடும். சித்திரையில் இடி மழை கொஞ்சம் ஏற்றிவிடும், ஆடிச் சாரல் இன்னும் கொஞ்சம். புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை ஐந்தையும் கழற்றிவிட வேண்டும். ஐப்பசியில் நம் பக்கத்து வானம் கொட்டுகிற கொட்டுக்கு அந்த இடம் காலியாக இருந்தாக வேண்டும். கார்த்திகைக்குள் குளம் தானாகவே நிரம்பிவிடும். ஒரு வருஷமும் நிரம்பாமல் இருந்ததில்லை. உன் இஞ்சினியர் துரை குளத்தை மாசியில் பார்த்திருப்பார். காய்ந்த குளத்தைப் பார்த்தவருக்குத் தண்ணீரைச் சேர்த்து வைக்கத்தான் தோன்றும். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீ ஐப்பசியையும் பார்த்தவன்.

எனக்கு எழுத்து வந்ததே இந்தக் குளத்தால்தான். அணையோரம் தண்ணீரில் நிற்கும் கல்தூணில் அப்பா கோடு கோடாகச் செதுக்கியிருந்தார். தினமும் விடிந்ததும் போய், தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவார். ஒருமுறை காய்ச்சலில் விழுந்தபோது, ஒருநாள்கூட விட்டுப்போகக் கூடாது என்று பாயில் கிடந்தபடியே எனக்கு இலக்கம் எழுதக் கற்றுக் கொடுத்தார். பிறகு மாதங்களின் பெயர், பிறகு மழை, வெயில், காற்று. அந்தச் சில சொற்களிலிருந்து பிடித்து ஏறித்தான் இப்போது உன்னைத் திட்டுகிற அளவுக்கு எழுத வந்திருக்கிறேன். அவர் போன பிறகும் நோட்டை நான்தான் எழுதுகிறேன். கொழுந்துக்குப் போகும் வழியில் தூணைப் பார்க்காமல் நான் ஒருநாளும் போனதில்லை.

துரை சொன்னதை நான் எழுதினேன், நான் வெறும் கிளாக்கர்தானே என்று நீ சொல்வாய். சொல்லாதே. உன் அப்பா வெறும் மதகுக்காரர். தோட்டத்துப் பெரியதுரை பலகையை விட்டுவைக்கச் சொன்ன இரண்டு வருஷமும் சட்டை போட்டு ஆபீஸ் வாசலுக்குப் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்று, "கழட்டித்தான் ஆகணும்ங்க தொரை" என்று சொன்னவர். இரண்டு முறையும் பெரியதுரை கத்தினார். இரண்டு முறையும் பலகை கழன்றது. திட்டு வாங்கிவிட்டு வந்து சிரித்துக்கொண்டே சோறு தின்பார். நீ உன் துரையிடம் வாயைத் திறந்தாவது பார்த்தாயா? பார்த்திருந்தால் அதை எனக்கு எழுதியிருப்பாய்.

மூன்றாவது வருஷம் நடந்ததை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. பெரிய மழை, குளம் தாங்கவில்லை, அப்பாவைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்றுதான் சொல்லி வளர்த்தேன். பலகையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ இன்று இப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டதற்கு அந்தப் பொய்யும் ஒரு காரணம் என்று நினைக்கும்போது உன்மேல் வருகிற கோபம் பாதி என்மேலேயே திரும்புகிறது. இப்போது சொல்கிறேன், முழுவதும் வாசி.

உனக்குப் பதினோரு வயது. தோட்டத்துப் பள்ளியில் படிப்பு முடிந்துவிட்டது, அதற்கு மேல் அங்கே சொல்லிக் கொடுக்க வாத்தியாருக்கே தெரியாது. கண்டியில் தங்கிப் படிக்கிற பள்ளியில் உன்னைச் சேர்க்க வேண்டுமென்றால் பெரியதுரை ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு அப்பா மூன்று மாதமாக நடந்துகொண்டிருந்தார். அந்தப் புரட்டாசியில் கொழுந்து குவிந்தது. சக்கரம் நிற்காமல் ஓட வேண்டியிருந்தது. பலகையைத் தீபாவளி கழித்துக் கழற்றினால் போதும் என்று துரை சொல்லியனுப்பினார். அப்பா சட்டையை எடுத்துப் போட்டார், வழக்கம் போல ஆபீசுக்குப் போய் மறுத்துச் சொல்ல. நான்தான் குறுக்கே நின்றேன்.

"இப்ப போயி எதுத்துப் பேசுனா கடுதாசி குடுப்பாரா? கொஞ்ச நாளுதான. அந்தப் பலகை அங்கனயே கெடந்தா என்ன ஆயிரப் போவுது? புள்ள படிக்கட்டும்."

"மழ நமக்காகக் காத்திருக்காது புள்ள" என்றார்.

"ஒங்களுக்குக் கொளந்தான் பெருசு. பெத்த புள்ள பெருசில்ல."

அப்படித்தான் சொன்னேன். வார்த்தை மாறாமல் இன்னும் காதில் இருக்கிறது. அவர் போட்ட பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வியாழக்கிழமை கடிதம் வந்தது. திங்கட்கிழமை நீ காலில் புதுச் சப்பாத்தோடு தேயிலை லொறியில் ஏறிக் கண்டிக்குப் போனாய். லொறி வளைவில் மறையும் வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் அணைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

தீபாவளிக்கு முந்தின மத்தியானமே மழை பிடித்துவிட்டது. விடிந்ததும் அப்பா தூணைப் பார்க்கப் போனார். எண்ணெய் வைத்த தலையோடு திரும்பி ஓடி வந்து, "கோடு எதுவும் தெரியல, வா புள்ள" என்றார். வழக்கமாகப் பலகைக்கு வருகிற ஆட்கள் ஒருவன் கோயிலில், மற்றவன் கள்ளில். அந்தப் பலகையை ஒற்றை ஆளால் தூக்க முடியாது. ஆளுக்கொரு முனையில் கொக்கியை மாட்டி, ஒரே மூச்சில், ஒரே மட்டத்தில் தூக்க வேண்டும். ஒரு பக்கம் பிந்தினாலும் சாய்ந்து காடியில் இறுகிவிடும். முன்னேயும் நான் மறுமுனை பிடித்திருக்கிறேன். முதல் பலகை வந்துவிட்டது. இரண்டாவதுக்கு அவர் குரல் கொடுத்தபோது ஈரத்தில் என் கை வழுக்கியது. அவர் பக்கம் எழும்பியது, என் பக்கம் எழும்பவில்லை. பலகை சாய்ந்து சிக்கிக்கொண்டது. அலவாங்குக் கம்பியை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்து, "நீ கரைக்குப் போ" என்றார். போனேன். அவர் நெம்பிக்கொண்டிருக்கும்போதே கலிங்குக் கல்லை ஒட்டிய கரை ஊறி இடிந்தது. கல்லும் மண்ணும் அவரும் ஒன்றாகப் போனதை என் கண்ணால் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து ஓடைப் பாலத்தடியில் எடுத்தார்கள்.

உடைந்த வழியாகப் போன தண்ணீர் நேரே கீழ் லயத்துக்குப் போனது. ஏழு குடும்பத்தின் காம்பரா போயிற்று. விடிந்த நேரம், பண்டிகை நாள், சனமெல்லாம் வெளியே நின்றதால் தப்பியது. பேச்சி மட்டும் தன் கைக்குழந்தையை ஏணையில் தூங்க வைத்துவிட்டு வெந்நீர் எடுக்கப் பின்பக்கம் போயிருந்தாள். அந்தக் குழந்தைக்கு இன்னும் பெயர்கூட வைத்திருக்கவில்லை.

அந்த ஏழு காம்பராவையும் பிறகு அதே இடத்தில் கட்டினார்கள். அதே இடத்தில்! அதில் ஒன்றை எனக்கும் பக்கத்ததைப் பேச்சிக்கும் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இருக்கிறோம். நீ விடுமுறைக்கு வரும்போதெல்லாம் உனக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவள் அவள். நீ பாஸ் பண்ணிய செய்தி வந்தபோது என்னைவிட அதிகமாகக் குதித்தவளும் அவள்தான். அவள் குதித்ததைப் பார்த்துவிட்டு நான் உள்ளே போய் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது உனக்குப் புரிந்ததா, நீ எந்தப் படிப்பை வைத்து அந்த இங்கிலீஷ் காகிதத்தை எழுதினாய் என்று? உன் அப்பாவும் பேச்சியின் பிள்ளையும் போய்த்தான் அந்தப் படிப்பு வந்தது. நீ கேட்டு வரவில்லை, நான் வாங்கிக் கொடுத்தேன். பாவம் என்னுடையது, உன்மேல் ஏற்றவில்லை. ஆனால் அதே படிப்பை எடுத்து அதே பலகைக்கு ஆணி அடிக்க உனக்கு எப்படியடா மனம் வந்தது?

குடும்பம் நடத்தப் போகிறாய். அதனால் ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அந்தப் பிள்ளைக்காக உன் பெண்டாட்டி ஒருநாள் உன் எதிரே நின்று, கொஞ்ச நாள்தானே, வாயை மூடிக்கொண்டு இருங்களேன் என்று சொல்வாள். கெட்டவளாக இருந்து சொல்ல மாட்டாள். நானும் கெட்டவளாக இருந்து சொல்லவில்லை. அன்றைக்கு நீ சட்டையைக் கழற்றி மாட்டிவிடாதே. அவள் கோபித்துக்கொள்ளட்டும், இரண்டு நாள் சோறு போடாமல் இருக்கட்டும், நீ ஆபீசுக்குப் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வா. உன் அப்பா என்னிடம் தோற்றது அந்த ஒருமுறைதான். அந்த ஒருமுறையும் ஜெயித்திருந்தால் இன்று உன் கல்யாணத்துக்கு அவரே பந்தல் கட்டியிருப்பார்.

இனி காரியத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தோடு நோட்டுகள் எல்லாவற்றையும் முனியாண்டியிடம் கொடுத்தனுப்புகிறேன். அப்பா எழுதியது, நான் எழுதியது எல்லாம் இருக்கிறது. ஐப்பசிப் பக்கங்களில் நூல் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் எத்தனை நாளில் எத்தனை கோடு ஏறியது என்று உன் துரைக்கு இங்கிலீஷில் எழுதிக் காட்டு. எழுதத்தான் உனக்குத் தெரியுமே. இஞ்சினியர் என்கிறார்கள், கணக்குத் தெரிந்தவராக இருப்பார், பார்த்தால் அவருக்கே விளங்கும். விளங்காவிட்டால் உன் கையெழுத்தை நீ திரும்ப வாங்கு. அதற்காக வேலையிலிருந்து நிறுத்தினால் நிறுத்தட்டும். பெண் வீட்டார் கல்யாணத்தை நிறுத்தினாலும் நிறுத்தட்டும். நான் சொல்வது கொடுமையாக இருக்கும். இருக்கட்டும்.

நான் கண்டிக்கு வரமாட்டேன். புரட்டாசியிலும் வரமாட்டேன், தீபாவளிக்கும் வரமாட்டேன். பலகை ஐந்தும் கழன்று கரையில் கிடக்கிற வரை நான் கீழ் லயத்தில், என் காம்பராவில், என் பாயில்தான் இருப்பேன். என்னை மட்டும் தூக்கிக்கொண்டு போகலாம் என்ற நினைப்பை விட்டுவிடு. நீ அனுப்பிய கம்பளிச் சால்வையையும் போர்த்த மாட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். குளிர் அதிகமாக இருக்கிறது, போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. இதை எழுத உட்காருவதற்கு முன்னால் பேச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவரைத் தடுத்தது நான்தான், என் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காகத்தான் என்று. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாள், காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்களத்தில் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு இது வேண்டியதுதான் என்று இருந்தேன். இன்று காலையில் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள். முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்தப் பலகையத் தூக்க எத்தன பேரு வேணும்?"

"ரெண்டு பேரு."

"நா வர்றேன்."

"வேணாம் பேச்சி. கண்டி ஆளு வந்து இரும்புச் சட்டத்துல நட்டு முடுக்கிட்டுப் போயிட்டான். அதக் கழட்டுற சாவி கண்டியில இருக்கு. புரட்டாசிக் கடைசிச் சனிக்கெழம எம் மகன் மொத பஸ்ஸில அத எடுத்துக்கிட்டு பன்வில வந்து எறங்கி நடந்து வருவான். ஒரு மொன எனக்கு. மத்த மொனைக்கு ஆளு இருக்கு."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். நாலடி போனவள் நின்று, அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"வருவானாக்கா?"

நான் என் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன். அவளுக்கு நீயே வந்து சொல்.

உன் அம்மா,
கீழ் லயம், நாலாம் காம்பரா.